54 வெற்றியில் வராத கோப்பை 51 வெற்றியில் எப்படி வந்தது? வாண்டர்பில்ட் பேஸ்பாலின் பத்து சீசன்கள்

டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழக பேஸ்பால் அணியின் 2012 முதல் 2021 வரையிலான வெற்றி தோல்விப் பட்டியலைப் போட்டு, ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். 2013-ல் 54-12, ஆனால் தேசியக் கோப்பை இல்லை. 2014-ல் 51-21, கோப்பை வந்தது. 2015-லும் அதே 51-21, இரண்டாம் இடம். 2018-ல் 35-27 என்று இறங்கிய அணி மறு வருஷமே 59-12. பயிற்சியாளர் பத்து வருஷமும் டிம் கார்பின்தான். அப்படியானால் இது திறமையா, அதிர்ஷ்டமா என்று கேட்கிறீர்கள். ஒரு கல்லூரி அணியின் பத்து வருஷத்தை எந்த எண்ணை வைத்து எடை போடுவது என்பதுதான் இதன் அடியில் இருக்கும் கேள்வி. வெற்றிக் கணக்கும் கோப்பைக் கணக்கும் வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

முதலில் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். கல்லூரி சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கும். வழக்கமான சீசனில் அதிகபட்சம் 56 ஆட்டங்கள். வாண்டர்பில்ட் இருக்கும் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸில் (தென்கிழக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களின் போட்டிக் கூட்டமைப்பு) அதில் 30 ஆட்டங்கள் கான்ஃபரன்ஸ் அணிகளோடு. பத்து வார இறுதிகள், ஒவ்வொன்றிலும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டங்கள். மீதியில் பிப்ரவரி மாத வார இறுதிகளும், செவ்வாய் புதனில் பக்கத்து ஊர்க் கல்லூரிகளோடு ஆடும் ஆட்டங்களும் அடங்கும். செவ்வாய்க்கிழமை எதிரணி பெரும்பாலும் பலம் குறைந்தது. அங்கே வாங்கும் வெற்றியும் பட்டியலில் ஒன்றுதான், வெள்ளிக்கிழமை கான்ஃபரன்ஸின் பலமான அணியான எல்.எஸ்.யு.வை வீழ்த்தினாலும் ஒன்றுதான். அதனால் மொத்தக் கணக்குக்குப் பக்கத்திலேயே கான்ஃபரன்ஸ் கணக்கையும் எழுதிப் பாருங்கள். 2013-ல் வாண்டர்பில்ட் எஸ்.இ.சி.யில் 26-3. அந்தக் கான்ஃபரன்ஸில் இப்படி ஒரு கணக்கு வருவது அபூர்வம். 2014-ல் 17-13. அதாவது, கான்ஃபரன்ஸ் போட்டியாளர்களோடு மோதியபோது 2014 அணி கிட்டத்தட்ட பாதிக்குப் பாதிதான். மொத்தக் கணக்கில் மூன்று வெற்றி வித்தியாசம். கான்ஃபரன்ஸ் கணக்கில் ஒன்பது. எனவே 2013 அணிதான் பலமான அணி என்பதில் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் ஏன் கோப்பை வரவில்லை? ஜூன் மாத அமைப்பைப் பார்த்தால் புரியும். 64 அணிகள். நான்கு நான்காக 16 ஊர்களில் ரீஜனல்; இரண்டு முறை தோற்றால் வெளியே. அதில் ஜெயிக்கும் 16 அணிகள் இரண்டிரண்டாக சூப்பர் ரீஜனல். மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும். மிஞ்சும் 8 அணிகள் நெப்ராஸ்கா மாநிலம் ஓமஹாவுக்கு, காலேஜ் வேர்ல்ட் சீரிஸுக்குப் போகும். அங்கே மறுபடியும் நான்கு அணிகள் கொண்ட இரண்டு பிரிவுகள், மறுபடியும் இரண்டு தோல்வியில் வெளியே. பிரிவு வென்ற இரண்டும் இறுதிப்போட்டியில் மூன்றுக்கு இரண்டு. ஒரு தோல்வியும் இல்லாமல் போனாலும் கோப்பைக்குப் பத்து வெற்றிகள் தேவை.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு அணி எந்த ஆட்டத்திலும் ஜெயிக்க 65 சதவீத வாய்ப்பு உள்ளது என்று வையுங்கள். மூன்றுக்கு இரண்டு தொடரை அது வெல்லும் வாய்ப்பு சுமார் 72 சதவீதம். நான்கு அணி ரீஜனலை வெல்லும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் ஓமஹா போகும் வாய்ப்பு 36 சதவீதம். கோப்பை வரை போக அதே இரண்டு கட்டங்களை இன்னொரு முறை தாண்ட வேண்டும் என்பதால் 13 சதவீதத்துக்கும் கீழே, எட்டில் ஒன்று. 60 சதவீத அணிக்குப் பதினாலில் ஒன்று. 75 சதவீத அணிக்குக்கூட மூன்றில் ஒன்றுதான். அது ஓமஹாவுக்கே போகாமல் போக 42 சதவீத வாய்ப்பு உண்டு. 2013-ல் நடந்தது அந்த 42-க்குள் விழுந்த விஷயம். சொந்த மைதானத்தில் நடந்த சூப்பர் ரீஜனலில் லூயிவில் அணியிடம் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் தோற்றார்கள், அதோடு சீசன் முடிந்தது. நான்கு மாதம் கட்டியதை ஒரு வார இறுதி எடுத்துக்கொண்டு போனது. அந்த அணியில் ஆடிய பையன்களுக்கு அது எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்; கணக்குப்படி அது ஆச்சரியமே இல்லை.

இந்தக் கணக்கைப் பத்து சீசனுக்கும் விரித்தால் உங்கள் கேள்விக்கு நேரான பதிலே கிடைக்கிறது. வருஷ வரிசைப்படி வாண்டர்பில்ட்டின் கணக்கு 35-28, 54-12, 51-21, 51-21, 43-19, 37-25 (ஒரு சமநிலை), 35-27, 59-12, 13-5, 49-18. கூட்டினால் 427 வெற்றி, 188 தோல்வி. 69 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. 2020-ல் டோர்னமென்ட் நடக்கவில்லை என்பதால் வாய்ப்புகள் ஒன்பது. ஒவ்வொரு ஆட்டத்திலும் 70 சதவீத வாய்ப்புள்ள அணி ஒன்பது டோர்னமென்ட்டில் சராசரியாக நான்கு முறை ஓமஹா போகும், இரண்டரை முறை இறுதிக்குப் போகும், இரண்டு முறைக்குக் கொஞ்சம் குறைவாகக் கோப்பை வாங்கும். நிஜத்தில் நடந்தது: ஓமஹா நான்கு முறை (2014, 2015, 2019, 2021), இறுதிப்போட்டி நான்கு முறை, கோப்பை இரண்டு (2014, 2019). ஓமஹா போன நான்கு தடவையும் இறுதிக்குப் போனது மட்டும்தான் சராசரியைத் தாண்டிய விஷயம். இறுதியில் பாதிக்குப் பாதி தோற்றதில் அந்த அதிகப்படியும் நேராகிவிட்டது. ஆக, வருஷத்துக்கு வருஷம் பார்த்தால் அநியாயமாகத் தெரிவது, பத்து வருஷமாகப் பார்த்தால் அவர்கள் விளையாடிய விளையாட்டுக்கு ஏற்ற கூலியாகவே இருக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 69 சதவீதம் என்பது செவ்வாய்க்கிழமை எதிரணிகளையும் சேர்த்தது. ஜூனில் வரும் எதிரணிகள் அவ்வளவு எளியவை அல்ல. அங்கே உண்மையான வாய்ப்பு 60-க்கும் 65-க்கும் நடுவில் இருக்கலாம். அப்படிப் பார்த்தால் வாண்டர்பில்ட் எதிர்பார்ப்பைவிட நன்றாகவே செய்திருக்கிறது. தவிர, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரே வாய்ப்பு என்று வைத்ததே ஒரு வசதிக்காகத்தான். பேஸ்பாலில் அது ஒருபோதும் உண்மையில்லை, ஏனென்றால் அன்றைக்கு யார் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், என்பதைப் பொறுத்து ஒரே அணி இரண்டு வேறு அணிகளாகிவிடும்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இடம்தான் பிடிபடச் சிரமமாக இருக்கும். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒரே நாளில் நூறு பந்துக்கு அக்கம்பக்கமாக, முழு வேகத்தில் வீசுகிறார். கல்லூரியில் அவருக்கு அடுத்த ஆட்டம் ஏழு நாள் கழித்துத்தான். அணியின் முதல் பிட்சருக்கு வெள்ளி, இரண்டாமவருக்கு சனி, மூன்றாமவருக்கு ஞாயிறு. சீசன் முழுக்க இந்த மூவர் சமாளித்துவிடுவார்கள். ரீஜனலில் கதை வேறு. முதல் இரண்டு நாளில் ஒரு ஆட்டம் தோற்றுவிட்டால், கோப்பை ஆசை நீடிக்க வெள்ளி முதல் திங்கள் வரை நான்கே நாளில் ஐந்து ஆட்டம் ஆட வேண்டும். மூன்று பேரோடு அது முடியாது. நான்காவது ஐந்தாவது ஆட்டங்களை வீசப்போவது செவ்வாய்க்கிழமைகளில் வீசிக்கொண்டிருந்த, பெயர் வெளியே தெரியாத பையன்கள். வெள்ளிக்கிழமை பிட்சர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அவரால் ஒரு ரீஜனலை ஜெயித்துக் கொடுக்க முடியாது என்பதற்கு வாண்டர்பில்ட்டின் சொந்த வரலாற்றிலேயே சான்று உண்டு. 2007-ல் டேவிட் பிரைஸ் இருந்தார், நாட்டின் முதல் தர வரிசை, 54-13. தொழில்முறை மேஜர் லீக் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அந்த வருஷம் ஒட்டுமொத்தமாக முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர். அந்த அணி சொந்த ஊர் ரீஜனலிலேயே மிச்சிகனிடம் தோற்று வெளியேறியது.

2014 அணியிடம் இருந்தது அந்த ஆழம்தான். டைலர் பீட் அந்த ஜூன் டிராஃப்டில் முதல் சுற்றில் போனவர். வாக்கர் பியூலர் இரண்டாம் ஆண்டு மாணவர். கார்சன் ஃபுல்மர் சீசனின் முதல் பாதியில் ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் பிட்சராக இருந்தார். பாதி சீசனில் அவரைத் தொடக்க பிட்சராக மாற்றினார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கோப்பையின் காரணங்களில் முதலில் வைக்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான். ஒன்பது இன்னிங்ஸில் ஒரு இன்னிங்ஸ் வீசுகிறவரிடமிருந்து ஐந்தாறு இன்னிங்ஸ் வாங்க முடிந்தால் பின்னால் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஓய்வு கிடைக்கும். விர்ஜினியாவோடு இறுதிப்போட்டியைப் பாருங்கள். முதல் ஆட்டம் 9-8. அந்த ஒன்பது ஓட்டமும் மூன்றாவது இன்னிங்ஸ் ஒன்றிலேயே வந்தவை. விர்ஜினியாவின் பிட்சர் குறி தவறி, பேட்டர்களுக்கு இலவசமாக முதல் தளம் தரும் வாக் மேல் வாக் கொடுத்த இன்னிங்ஸ் அது. இரண்டாவது ஆட்டத்தில் பீட் தோற்றார், 7-2. மூன்றாவதை ஃபுல்மர் தொடங்கினார். ஆறாவது இன்னிங்ஸில் ஹேடன் ஸ்டோன் வந்தார். ஏடம் ரேவனெல் முடித்தார். 2-2 என்று நின்ற எட்டாவது இன்னிங்ஸில் ஜான் நார்வுட் இடது பக்க வேலிக்கு மேலே அடித்த ஹோம் ரன்தான் வித்தியாசம், 3-2. வீசியவர் நிக் ஹவர்ட், அந்த மாதமே முதல் சுற்றில் டிராஃப்ட் ஆனவர். பந்து அவருடைய வேகப்பந்து. அந்த சீசன் முழுவதும் நார்வுட் அடித்த மூன்றாவது ஹோம் ரன் அது.

அந்த ஒரு அடியின் விலை புரிய அந்த வருஷங்களின் பேட்டையும் மைதானத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2011-ல் உலோக பேட்டின் துள்ளலை மர பேட்டுக்கு நெருக்கமாகக் குறைக்கும் விதி வந்தது. அதே வருஷம் ஓமஹாவில் பழைய ரோசன்பிளாட் மைதானத்தை விட்டுப் புதிய மைதானத்துக்கு மாறினார்கள். புதியது தென்கிழக்கு பார்த்தது. கோடைக்காற்று பேட்டரின் முகத்தில் வந்து மோதும். 2014 காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் மொத்தத்திலும் மூன்றே ஹோம் ரன்கள். 2015-ல் பந்தின் தையல் மேட்டைத் தட்டையாக்கினார்கள். காற்றின் தடை குறைந்து பந்து தூரம் போக ஆரம்பித்தது. எனவே 2012 முதல் 2014 வரையிலான ஓட்டக் கணக்கையோ ஹோம் ரன் கணக்கையோ 2019-ன் கணக்கோடு நேராக ஒப்பிடாதீர்கள். 2019-ல் ஜே.ஜே. பிளடே 27 ஹோம் ரன் அடித்துப் பல்கலைக்கழகச் சாதனை வைத்தார் என்றால், அதில் அவர் கையின் பங்கோடு தையலின் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

இனி அந்த ஏற்ற இறக்கம். இதற்குப் பெரும் காரணம் டிராஃப்ட் விதி. பள்ளி முடிக்கும் பையனை மேஜர் லீக் அணிகள் டிராஃப்டில் எடுக்கலாம். அவன் கையெழுத்திடாமல் நான்கு வருஷக் கல்லூரிக்கு வந்துவிட்டால், மூன்றாம் வருஷம் முடியும் வரை, அல்லது 21 வயது ஆகும் வரை, மறுபடி எடுக்க முடியாது. ஆகவே நல்ல மாணவர் கூட்டம் ஒன்று உள்ளே வந்தால் அதன் ஆயுள் மூன்று சீசன். முதல் வருஷம் கற்றுக்கொள்வார்கள், இரண்டாம் வருஷம் தாங்குவார்கள், மூன்றாம் வருஷம் உச்சம், பிறகு ஒரே நாளில் கிளம்பிவிடுவார்கள். பட்டியலை வருஷம் வருஷமாகப் படிக்காமல் இப்படிக் கூட்டம் கூட்டமாகப் படித்தால் மேடும் பள்ளமும் தாமாகவே விளங்கும். 2011-ல் வாண்டர்பில்ட் முதல் முறையாக ஓமஹா போனது, 54-12. அந்த ஜூனிலேயே 12 பேர் டிராஃப்டில் போனார்கள். 2012-ல் 35-28 வந்தது அதனால்தான். ஆரம்பமே தடுமாற்றம், ஆனால் அந்த இளம் அணி மே மாதத்தில் எஸ்.இ.சி. டோர்னமென்ட்டின் இறுதி வரை வந்தது. மறு வருஷ 26-3 அங்கேயே முளைவிட்டாயிற்று.

அடுத்த கூட்டம் 2013-ல் களமிறங்கியது: டான்ஸ்பி ஸ்வான்சன், ஃபுல்மர், பியூலர். 2014-ல் இரண்டாம் ஆண்டு, கோப்பை. ஸ்வான்சன் ஓமஹாவின் சிறந்த ஆட்டக்காரர். 2015-ல் மூன்றாம் ஆண்டு, மறுபடி இறுதிப்போட்டி, மறுபடி விர்ஜினியா. இந்த முறை முதல் ஆட்டத்தை 5-1 என்று ஜெயித்துவிட்டு அடுத்த இரண்டையும் 3-0, 4-2 என்று விட்டார்கள். அந்த ஜூன் டிராஃப்டில் ஸ்வான்சன் நாட்டிலேயே முதல் ஆள், ஃபுல்மர் எட்டாவது, பியூலர் இருபத்து நான்காவது. மூவரும் ஒரே நேரத்தில் வெளியே. அடுத்த மூன்று வருஷம் 43, 37, 35 என்று இறங்கியதைப் பார்த்து அணி சரிகிறது என்று எழுதினவர்கள் உண்டு. 2017-ன் 37 வெற்றியில் முதலாம் ஆண்டு மாணவராக ஆடியவர்களில் ஒருவர்தான் பிளடே. 2018-ன் 35 வெற்றியில் முதலாம் ஆண்டில் இருந்தவர் ஆஸ்டின் மார்ட்டின். அதே பையன்கள்தான் 2019-ல் 59 வெற்றி, எஸ்.இ.சி. பட்டம், எஸ்.இ.சி. டோர்னமென்ட், ஓமஹா கோப்பை என்று எல்லாவற்றையும் எடுத்தார்கள். 2018-ம் 2019-ம் வேறு வேறு அணிகள் அல்ல. ஒரே அணி, இரண்டு வயதில்.

அவர்களோடு 2019-ல் வந்து சேர்ந்த முதலாம் ஆண்டு பிட்சர் குமார் ராக்கர். பள்ளியில் இருந்தபோது அவரை டிராஃப்டின் 38-வது சுற்றில்தான் எடுத்தார்கள். 2012 முதல் ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் டிராஃப்டில் செலவழிக்க ஒரு மொத்தத் தொகை வரம்பு உண்டு. அதை ஐந்து சதவீதத்துக்கு மேல் மீறினால் வரும் வருஷத்து முதல் சுற்று வாய்ப்பே பறிபோகும். ஆகவே பெரிய தொகை கேட்கும் பையனைப் பின்சுற்றில் எடுத்து வாங்கிவிடும் பழைய வழி அடைபட்டது, அப்படிப்பட்டவர்கள் கல்லூரிக்கு வருவது அதிகமானது. டியூக் அணியோடு நடந்த சூப்பர் ரீஜனலில் முதல் ஆட்டத்தை வாண்டர்பில்ட் 18-5 என்று தோற்றது. மறுநாள், தோற்றால் சீசன் முடிந்தது என்ற நிலையில், ராக்கர் 131 பந்து வீசி, 19 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி (பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றி), யாரும் அடித்துத் தளம் சேரும் ஒரு ஹிட்டும் கொடுக்காமல் முடித்தார், 3-0. ஒரு சீசனின் 71 ஆட்டங்களில் ஒன்று அது. அது இல்லையென்றால் 59-12 அணியும் 2013 அணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். இன்றைக்கு நீங்கள் இரண்டு வருஷத்தைப் பற்றியும் ஒரே கேள்வியைக் கேட்டிருப்பீர்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பத்து வருஷமும் ஒரு கல்லூரி பேஸ்பால் அணி கொடுக்கக்கூடிய ஸ்காலர்ஷிப் மொத்தம் 11.7 மட்டுமே. அதை அதிகபட்சம் 27 பேருக்குப் பங்கிடலாம். ஒருவருக்குக் குறைந்தது 25 சதவீதம். அணியில் 35 பேர். சராசரியாகப் பார்த்தால் ஒருவருக்கு முழு ஸ்காலர்ஷிப்பில் மூன்றில் ஒரு பங்குதான். வாண்டர்பில்ட் தனியார் பல்கலைக்கழகம், கட்டணம் மிக அதிகம். ஆனால் 2009 முதல் பண உதவி தேவைப்படும் குடும்பங்களுக்குக் கல்விக் கடனுக்குப் பதில் திருப்பிச் செலுத்த வேண்டாத உதவித்தொகை தருகிறது; அது விளையாட்டு ஸ்காலர்ஷிப் அல்ல, எல்லா மாணவர்களுக்கும் பொதுவான ஏற்பாடு. மற்ற கல்லூரி ரசிகர்கள் இதை வாண்டர்பில்ட்டின் பெரிய அனுகூலமாகச் சொல்வார்கள். அனுகூலம் என்பது உண்மை. எத்தனை வெற்றிக்குச் சமம் என்பதை யாராலும் நிறுத்துக் காட்ட முடியாது. ஒரே மாதிரி உதவி தரும் வேறு சில பணக்காரப் பல்கலைக்கழகங்கள் அந்தப் பத்து வருஷத்தில் ஓமஹா பக்கமே வந்ததில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பட்டியல் சொல்லாத மூன்று விஷயங்கள் இருக்கின்றன. 2016-ன் 43-19-க்குப் பின்னால் ஒரு மரணம் உண்டு. சொந்த ஊர் ரீஜனல் தொடங்குவதற்கு முந்தின நாள், முதலாம் ஆண்டு பிட்சர் ஒருவர் நீரில் மூழ்கி இறந்தார். அடுத்த இரண்டு ஆட்டத்திலும் தோற்று அணி வெளியேறியது. அந்த ரீஜனலை வைத்து அந்த அணியின் தரத்தை யாரும் அளக்கக் கூடாது. 2020-ன் 13-5 கோவிட் வந்து மார்ச்சில் நின்றுபோன சீசன். அதைச் சராசரியில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் எல்லா மாணவர்களுக்கும் ஒரு வருஷம் கூடுதலாக ஆட அனுமதி கிடைத்தது, டிராஃப்ட் ஐந்தே சுற்றாகச் சுருங்கியது. இரண்டும் சேர்ந்து 2021-ல் நாடு முழுவதும் வயது கூடிய, ஆழமான அணிகளை உருவாக்கின. 2021-ல் ஓமஹாவில் நடந்ததும் எண்ணில் தெரியாது. என்.சி. ஸ்டேட் அணி வாண்டர்பில்ட்டை 1-0 என்று வீழ்த்தியிருந்தது. வாண்டர்பில்ட் பிட்சர் ஜாக் லைட்டர் 15 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தும் தோற்ற ஆட்டம். பிறகு என்.சி. ஸ்டேட் அணிக்குள் கோவிட் பரவி, 13 பேரோடு ஆடி 3-1 என்று தோற்று, பிரிவைத் தீர்மானிக்க வேண்டிய கடைசி ஆட்டத்துக்கு அனுமதிக்கப்படாமல் அனுப்பப்பட்டது. வாண்டர்பில்ட் அந்த ஆட்டம் ஆடாமலே இறுதிக்குப் போனது. அது வெற்றியாகக் கணக்கில் ஏறவில்லை. இறுதியில் முதல் ஆட்டத்தை 8-2 என்று வென்று, பிறகு மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 13-2, 9-0 என்று தோற்றார்கள். மேலே நான் போட்ட கணக்கில் நான்கு இறுதிப்போட்டி என்பதை மூன்றரை என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

இனி பயிற்சியாளர். கார்பின் 2003 சீசனிலிருந்து அங்கே இருக்கிறார். உதவியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்: 2012 சீசன் முடிந்ததும் பிட்சிங் பயிற்சியாளர் டெரெக் ஜான்சன் மேஜர் லீக் அணியான சிகாகோ கப்ஸுக்குப் போனார், ஜாஷ் ஹாலிடே ஓக்லஹோமா ஸ்டேட்டின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஸ்காட் பிரவுன் வந்து பிட்சர்களை ஏற்றுக்கொண்டார். இரண்டு கோப்பையும் அவர் காலத்தில் வந்தவை. ஒரு கோப்பையைக் காட்டி இது கார்பினின் திறமை என்றோ, ஒரு சூப்பர் ரீஜனல் தோல்வியைக் காட்டி இது அவர் தவறு என்றோ சொல்ல ஒன்பது டோர்னமென்ட் போதாது. நிச்சயமாகச் சொல்லக்கூடியது வேறு: நடந்த ஒன்பது டோர்னமென்ட்டிலும் வாண்டர்பில்ட் இருந்தது. 12 பேரை டிராஃப்டுக்குக் கொடுத்த மறு வருஷமும், ஸ்வான்சன் கூட்டம் போன பிறகும், 35 வெற்றி மட்டும் வந்த இரண்டு சீசனிலும் 64 அணிகளுக்குள் இடம் பிடித்தது. உச்சத்தை ஒரு நல்ல மாணவர் கூட்டம் தரும். பள்ளம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதில்தான் ஆள் எடுப்பதும் கற்றுக்கொடுப்பதும் தெரியும். ஒரு பயிற்சியாளரை எடை போட நான் பார்க்கும் முதல் எண் அவருடைய மிக மோசமான சீசனின் எண்தான்.

அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது ஜூனில் எங்கே ஆடினார்கள் என்பது. 16 ரீஜனல்களும் சிறந்த அணிகளின் சொந்த மைதானங்களில் நடக்கின்றன. 2017-ல் வாண்டர்பில்ட் கிளெம்சன் போய் ஜெயித்து, அடுத்து ஒரிகன் ஸ்டேட்டின் மைதானத்துக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஒரிகன் ஸ்டேட் சீசனை 56-6 என்று முடித்த அணி. 2018-ல் மறுபடி கிளெம்சனில் ஜெயித்து, சூப்பர் ரீஜனலைச் சொந்த ஊரில் ஆடி, மிசிசிப்பி ஸ்டேட்டிடம் மூன்றாவது ஆட்டத்தில், 11 இன்னிங்ஸில் தோற்றார்கள். இரண்டும் பட்டியலில் 'சூப்பர் ரீஜனல்' என்று ஒரே மாதிரி தெரியும், இரண்டும் ஒன்றல்ல. யாருக்குச் சொந்த மைதானம் என்பதை முடிவு செய்யும் குழு பார்க்கும் முக்கிய எண், எதிரணிகளின் பலத்தையும் சேர்த்து அணிகளை வரிசைப்படுத்தும் ஆர்.பி.ஐ. அதில் உங்கள் வெற்றி விகிதத்துக்குக் கால் பங்கு, எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு அரைப் பங்கு, எதிரணிகளின் எதிரணிகளுக்குக் கால் பங்கு. 2013 முதல் வெளியூரில் ஜெயித்தால் 1.3, சொந்த ஊரில் ஜெயித்தால் 0.7 என்று எடை போட்டார்கள். பலமான கான்ஃபரன்ஸில் 17-13 எடுத்த அணி, பலவீனமான கான்ஃபரன்ஸில் 24-6 எடுத்த அணியைவிட மேலே நிற்பது இதனால்தான்.

இதே முறையில் வேறு அணியைப் பார்க்க விரும்பினால் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: மொத்தக் கணக்கு, கான்ஃபரன்ஸ் கணக்கு, முந்தின ஜூனில் டிராஃப்டில் போனவர்கள் எண்ணிக்கை, வெள்ளி சனி ஞாயிறு பிட்சர்கள் எந்த ஆண்டு மாணவர்கள், ஜூனில் எந்த ஊரில் யாரிடம் தோற்றார்கள். மூன்றாவது, நான்காவது விஷயங்களை வைத்தே அடுத்த வருஷ வெற்றிக் கணக்கைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். ஆனால் இது 2021 வரையிலான பட்டியலுக்குத்தான் சரியாகப் பொருந்தும். 2021-ல் ஒரு வருஷம் வெளியே உட்காராமலே கல்லூரி மாறலாம் என்று விதி வந்தது. அதே ஜூலை முதல் மாணவர்கள் தங்கள் பெயரை வைத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்றானது. 2025-26 முதல், மாணவர்களுக்கு நேராகப் பணம் தர அனுமதிக்கும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 11.7 வரம்பே இல்லை, 34 பேர் என்ற ஆள் வரம்பு மட்டும்தான். மூன்று வருஷக் கூட்டம் என்ற சுழற்சி உடைந்துவிட்டது. பள்ளம் விழுந்தால் மூன்றாம் வருஷம் வரை காத்திராமல் வேறு கல்லூரியின் நல்ல பிட்சரை அந்தக் கோடையிலேயே கொண்டுவந்துவிடலாம். வாண்டர்பில்ட் 2022 முதல் 2025 வரை ஒரு முறையும் ஓமஹா போகவில்லை. 2025-ல் நாட்டின் முதல் தர வரிசையோடு வந்து சொந்த ஊர் ரீஜனலிலேயே வெளியேறியது. அதில் எவ்வளவு புதிய விதிகளின் பங்கு, எவ்வளவு ஜூன் மாதத்தின் வழக்கமான கொடுமை என்று பிரிக்க நான்கு சீசன் போதாது. மேலே போட்ட கணக்குப்படி, 65 சதவீத அணிகூட அடுத்தடுத்து நான்கு முறை ஓமஹாவைத் தவறவிடும் வாய்ப்பு ஆறில் ஒன்று.